தேர் வீதியில் ஒரு சாயங்காலம்: குழந்தையைச் சைக்கிளில் முதன்முதலாக அழைத்துப் போகிறவர்களுக்கு

என் மகளுக்கு மூன்று வயது முடிந்த மாதம் அவளைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து முதன்முதலாகக் கிளம்பினேன். பதினொரு நிமிடத்தில் வீடு திரும்பிவிட்டோம். அந்தப் பதினொரு நிமிடத்துக்கு நான்கு நாள் தயாராக வேண்டியிருந்தது. இறங்கியதும் அவள் கேட்டது, "நாளைக்கும் போலாமா?" இப்போது அவளுக்கு நாலரை வயது. வாரத்தில் மூன்று சாயங்காலம் போகிறோம். ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அதில் பாதி நேரம் சைக்கிள் நின்றுகொண்டுதான் இருக்கும்.

இதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் இரண்டு மூன்று பேர் எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் இருப்பது ஸ்ரீரங்கத்தில், அதனால் உதாரணமெல்லாம் இந்த ஊர்தான். பழைய கோயில் உள்ள எந்த ஊரிலும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

முதலில் வீதியைத் தேர்ந்தெடுங்கள்

சைக்கிள் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. சமதரையாக இருக்க வேண்டும், அகலமாக இருக்க வேண்டும், எந்த இடத்தில் குழந்தை அழுதாலும் வீடு பக்கத்திலேயே இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த இடம் நம் ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறது: தேர் ஓடும் வீதி. அவ்வளவு பெரிய தேர் திரும்புவதற்காக அகலமாக விட்ட வீதிகள் அவை. மேடு பள்ளம் அதிகம் இருக்காது. நான்கு வீதியும் சேர்ந்து வட்டமாக வருவதால், கிளம்பிய இடத்துக்கே தானாகத் திரும்பிவிடலாம். சிதம்பரம், திருவாரூர், மதுரை என்று எங்கே போனாலும் இதே அமைப்புதான்.

ஸ்ரீரங்கத்தில் இப்படி இரண்டு சுற்று உண்டு. உள்ளே உத்தர வீதி, வெளியே சித்திரை வீதி. தைத்தேர் உத்தர வீதியிலும் சித்திரைத் தேர் சித்திரை வீதியிலும் ஓடும். உள்சுற்று சிறியது, ஆனால் சாமி கும்பிட வருகிறவர்களும் கடைகளும் அதிகம். வெளிச்சுற்று அதைவிட நீளமானது. நான் ஆரம்பித்தது வெளிச்சுற்றில் ஒரே ஒரு வீதியில். கீழச் சித்திரை வீதியில் தேர் நிற்கும் இடத்திலிருந்து மூலை வரை போய்த் திரும்புவது, அவ்வளவுதான். ஒரு வாரம் அது மட்டுமே செய்தோம். இரண்டாம் வாரம் இரண்டு வீதி. நான்கு வீதியும் முடிக்க ஒரு மாதம் ஆயிற்று.

சுற்றிவரும் திசையைப் பற்றி எங்கள் வீட்டில் பெரிய பேச்சே நடந்தது. நாம் சாலையில் இடதுபக்கமாக ஓட்டுகிறவர்கள். கோயிலை வலம் வந்தால் ஒவ்வொரு மூலையிலும் வலதுபக்கம் திரும்ப வேண்டும். அங்கே வேறொரு தெரு வந்து சேர்ந்தால், எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே போகவேண்டி வரும். எதிர்த்திசையில் சுற்றினால் எல்லாத் திருப்பமும் இடப்பக்கமாக அமையும், பாதுகாப்பும் கூடுதல். ஆனால் அத்தை, "கோயிலை இடம் வர்றதா? வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார். அவர் மனம் வருந்தி நாங்கள் கிளம்புவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தோம்: வலமாகவே போவது, நான்கு மூலையிலும் இறங்கித் தள்ளிக்கொண்டு திரும்புவது. இதனால் ஒரு நன்மையும் வந்தது. ஒவ்வொரு மூலையிலும் "அடுத்து எந்த வீதி?" என்று கேட்பேன். கீழ, தெற்கு, மேல, வடக்கு என்று திசைகளை அவள் பாடமாகப் படிக்காமலே தெரிந்துகொண்டாள்.

உங்கள் ஊரில் அப்படிப்பட்ட வீதி இல்லையென்றால், பேருந்து போகாத சாலை, பள்ளி மைதானம், குடியிருப்பின் உள்தெரு இதில் ஏதாவது ஒன்று போதும். ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும் பார்க்க அழகாக இருக்கும். தடுப்புச் சுவர் இல்லாத கரையில் குழந்தையை வைத்து ஓட்ட வேண்டாம். இதில் மட்டும் நான் யாரோடும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. வழக்கமாக ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்த பிறகு, நேற்று மணலாக இருந்த இடத்தில் இன்று தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும். காவிரிக் கரையில் இருக்கும் அம்மா மண்டபம் பக்கம் போனால் சைக்கிளைச் சாலையிலேயே பூட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் போவோம்.

சைக்கிளும் இருக்கையும்

நடுவில் பார் இல்லாத சைக்கிள்தான் இதற்குச் சரி. காரணம் எளிது. பார் உள்ள வண்டியில் ஏறும்போது காலைப் பின்பக்கமாகச் சுழற்றித் தூக்குவோம். பின்னால் குழந்தை உட்கார்ந்திருந்தால் உங்கள் கால் நேராக அதன் தலைக்குத்தான் போகும். அப்பாக்கள் இதைப் பழக்கதோஷத்தில் செய்துவிடுகிறார்கள். பார் உள்ள சைக்கிள்தான் இருக்கிறது என்றால், வண்டியை நன்றாகச் சாய்த்து முன்பக்கமாகக் காலைப் போட்டு ஏறப் பழகிக்கொள்ளுங்கள்.

உட்காரும்போது உங்கள் இரண்டு பாதமும் தரையில் படும் உயரத்துக்கு சீட்டை இறக்கிவிடுங்கள். மிதிக்கும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கும், வேகம் வராது. வேகம் நமக்குத் தேவையும் இல்லை. திடீரென்று நிற்கவேண்டி வரும்போது இரண்டு காலையும் ஊன்ற முடிந்தால், வண்டி சாயாது.

குழந்தைக்கான இருக்கை முன்னால் வைப்பது, பின்னால் வைப்பது என்று இரண்டு வகை. முன்னிருக்கைகள் பொதுவாக 15 கிலோ வரை தாங்கும், பின்னிருக்கைகள் 22 கிலோ வரை. இருக்கையிலேயே எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள். முன்னிருக்கையில் குழந்தை நம் கைக்குள்ளேயே இருக்கும், பேசிக்கொண்டே போகலாம். ஆனால் எதிர்க்காற்றும் தூசியும் முகத்தில் அடிக்கும், ஹேண்டில் பாரும் கனக்கும். எனக்குப் பின்னிருக்கைதான் பிடித்திருக்கிறது. முதுகு நன்றாக உயர்ந்து, தோளில் இரண்டு பட்டை, காலுக்கு இருபுறமும் தடுப்பு, பாதத்தைக் கட்ட ஒரு பட்டை, இவ்வளவும் இருப்பதைத் தேடி வாங்கினேன். பழைய சைக்கிள்களில் முன் பாரில் மாட்டும் சின்ன இரும்பு சீட்டு நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நானும் அதில் உட்கார்ந்து அப்பாவோடு போனவள்தான். அதன் மேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனால் அதில் பட்டையும் கிடையாது, காலுக்குத் தடுப்பும் கிடையாது. என் மகளை அதில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வயது நிரம்பாத குழந்தையைச் சைக்கிளில் வைக்கவே வேண்டாம். ஹெல்மெட்டின் கனத்தோடு தலையை நிமிர்த்தி வைக்கும் வலு அந்தக் கழுத்துக்கு இருக்காது. ஒரு வயதுக்கு மேலும், தானாக நன்றாக உட்காரும் குழந்தையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இருக்கையை நீங்களே மாட்டாமல் சைக்கிள் கடையில் கொடுத்து மாட்டுவது நல்லது. நான் கேட்டேன்: "அண்ணா, இந்த கேரியர் தாங்குமா?" அவர் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "கேரியர் தாங்கும்மா, இந்த போல்ட்டு தாங்காது. மாத்திடுவோம். வாரா வாரம் ஒரு தடவை நீங்களும் ஆட்டிப் பாருங்க" என்றார். அந்த வாராந்திரப் பழக்கத்தை இன்றுவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இருக்கையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவேன், இரண்டு பிரேக்கையும் பிடித்து வண்டியைத் தள்ளிப் பார்ப்பேன், டயரைக் கட்டைவிரலால் அழுத்துவேன். குழந்தையின் எடை ஏறியதும் பின்டயருக்கு முன்பைவிடக் காற்று வேண்டும்.

அரிசி மூட்டை ஒத்திகை

இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். இருக்கை மாட்டியதும் பத்து கிலோ அரிசிப் பையை அதில் வைத்து, பட்டை எல்லாம் போட்டு இறுக்குங்கள். அதோடு இரண்டு நாள் அதே வீதியில் ஓட்டிப் பாருங்கள்.

முதல் இருபதடியிலேயே தெரிந்துவிடும். எடை உயரத்தில் இருப்பதால் வண்டி லேசாகச் சாய்ந்தாலே இன்னும் சாயப் பார்க்கும். பிரேக் பிடித்தால் வழக்கத்தைவிடத் தள்ளிப் போய்த்தான் நிற்கும். ஏறும்போது முன்சக்கரம் தானாகத் திரும்பும். இதெல்லாம் அரிசிப் பையோடு பழகட்டும். வேகத்தடையில் ஏறி இறங்கிப் பாருங்கள், ஒரு கையை எடுத்து பெல் அடித்துப் பாருங்கள், திடீரென்று நின்று பாருங்கள். இரண்டாம் நாள் மூலையில் திரும்பும்போது என் வண்டி சாய்ந்து, அரிசிப் பையோடு தரையில் வந்து நின்றது. அன்று அவள் அதில் இல்லை என்பதை நினைத்து நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

ஒத்திகையில் கற்றுக்கொள்ள வேண்டிய மிக முக்கியமான விஷயம் ஸ்டாண்டு. குழந்தையை இருக்கையில் வைத்துவிட்டு, ஸ்டாண்டை நம்பிக் கையை எடுக்கவே கூடாது. ஹெல்மெட் எடுக்க, கதவு பூட்ட, பூ வாங்க, எதற்காகவும் கூடாது. குழந்தை ஒரு பக்கம் எட்டிப் பார்த்தாலே போதும், வண்டி விழுந்துவிடும். கதவைப் பூட்டி, சாவியை வைத்து, எல்லாம் முடித்த பிறகு கடைசியாகக் குழந்தை ஏற வேண்டும். திரும்பி வந்ததும் முதலில் குழந்தை இறங்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். ஏற்றும்போது வண்டியை உங்கள் இடுப்பில் சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பிடிக்க இன்னொருவர் ஏற்றினால் இன்னும் நல்லது.

தலை, கால், துணி

ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நெற்றியை மூடி நேராக உட்கார வேண்டும். பட்டைகள் காதைச் சுற்றி இருபுறமும் ஆங்கில வி எழுத்துபோல இறங்கி, தாடைக்குக் கீழே ஒரு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக வேண்டும். பின்னால் தள்ளிப் போட்டால் நெற்றி திறந்து கிடக்கும், போட்டும் பயனில்லை. உயரமாகக் கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது. தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டு விடுங்கள். வளரட்டும் என்று பெரிதாக வாங்காதீர்கள். பலமாக ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். போட மாட்டேன் என்று அடம்பிடிக்கிற குழந்தைக்கு, நீங்களும் போட்டுக்கொள்வதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து வேறில்லை.

கால் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வாரம், வடக்குச் சித்திரை வீதி. "கட்டு வலிக்குதும்மா" என்று அவள் சொன்னதால் இடதுகாலின் பாதப்பட்டையைத் தளர்த்திவிட்டுக் கிளம்பினேன். அவள் காலில் வெறும் செருப்பு. கொஞ்ச தூரத்தில் டக்கென்று ஒரு சத்தம், உடனே அலறல். செருப்பு ஸ்போக்ஸில் சிக்கி, கணுக்காலை உரசியிருந்தது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் தோல் வழன்று வீங்கியதோடு போயிற்று. மருத்துவர் எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. சுழலும் சக்கரத்தில் குழந்தையின் கால் மாட்டிக்கொள்வது சைக்கிள் பின்னிருக்கையில் மிகச் சாதாரணமாக நடக்கிற விபத்து. பட்டை வலிக்கிறதென்றால் தளர்த்தாதீர்கள். காலுறையும் மூடிய ஷூவும் போட்டுவிடுங்கள், வலிக்காது. பின்சக்கரத்தின் இருபுறமும் புடவை சிக்காமல் இருக்கப் போடும் கம்பி வலை கடைகளில் கிடைக்கும். அதையும் மாட்டுங்கள். உங்கள் துப்பட்டாவையோ முந்தானையையோ இடுப்பில் சொருகாமல் வண்டி ஏறாதீர்கள்.

சாயங்காலம் கொசு வரும். முழுக்கை, முழுக்கால் உடையாக இருக்கட்டும். வெள்ளை அல்லது இளம் மஞ்சள் என்றால் இருட்டில் நன்றாகத் தெரியும்.

நேரம், காற்று, வெளிச்சம்

எங்கள் ஊரில் ஜூன், ஜூலையில் சூரியன் மறைவது 6:40 வாக்கில். நவம்பரில் 5:50க்கே மறைந்துவிடும். மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் நன்றாக இருட்டிவிடும். அதனால் கடிகாரத்தை வைத்து ஒரே நேரத்துக்குக் கிளம்பாமல், சூரியனை வைத்துக் கிளம்புங்கள். மறைவதற்கு முக்கால் மணி முன்பு புறப்பட்டு, முழு இருட்டுக்கு முன்பு வீட்டில் இருப்பது எங்கள் கணக்கு.

தாழ்ந்த வெயில் ஒரு ஆபத்து. மேற்கு நோக்கி ஓட்டும்போது கண் கூசுவது நமக்கு மட்டுமல்ல, பின்னால் வரும் ஆட்டோக்காரருக்கும்தான். அவருக்கு நம்மைத் தெரியாமல் போகலாம். தெற்குச் சித்திரை வீதியில் வெயில் வீடுகளுக்குப் பின்னால் இறங்கிய பிறகுதான் நுழைவோம். அதுவரை கீழ வீதியில் மாடுகளை எண்ணிக்கொண்டிருப்போம்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். திருச்சிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து அடிக்கும் காற்று அப்படிப்பட்டது. இதற்கு விதி ஒன்றுதான்: போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. களைப்பு வந்த பிறகு காற்றை எதிர்த்து மிதிக்கக் கூடாது. கீழ வீதியில் கிளம்பி வலமாகச் சுற்றினால் தெற்கு வீதியில் எதிர்க்காற்று வரும், வடக்கு வீதியில் பின்னாலிருந்து தள்ளும். அத்தை சொன்ன திசையே இதற்கும் சரியாக வந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரேக் வழுக்கும், அதிலும் இரும்பு ரிம் உள்ள பழைய சைக்கிள்களில் மிக மோசம். வானம் கறுத்தால் போகாதீர்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகள், வைகுண்ட ஏகாதசி நாட்கள், தேர்த் திருவிழா, ஆடிப்பெருக்கு, இந்த நாட்களில் வீதி சாமி பார்க்க வருகிறவர்களுக்கானது. சைக்கிளை வீட்டில் விட்டு நடந்து போய்ப் பாருங்கள்.

முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. இரண்டையும் பகல் வெளிச்சம் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். பலரும் கவனிக்காத ஒன்று: குழந்தை இருக்கையை மாட்டியதும் சீட்டுக்குக் கீழே இருந்த சிவப்பு விளக்கு அதன் பின்னால் மறைந்துவிடும். இருக்கையின் முதுகிலோ மட்கார்டின் கீழ்ப்பகுதியிலோ அதை மாற்றி மாட்டுங்கள். சாலையில் பத்தடி பின்னால் போய் நின்று நீங்களே பாருங்கள். ஒளிரும் ஒட்டுப்பட்டையைக் குழந்தையின் ஹெல்மெட்டிலும் உங்கள் கணுக்காலிலும் ஒட்டலாம். மிதிக்கும் கால் மேலும் கீழும் போவதால் அந்தப் பட்டை தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

இனி கிளம்பலாம்

குழந்தை மதியம் தூங்கியிருக்க வேண்டும். தூங்காத நாளில் மேல வீதி வரும்போதே தலை சாயும். உட்கார்ந்தபடி தூங்கும் குழந்தையின் கழுத்து ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஆடும். அப்படி ஆனால் இறங்கித் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். கிளம்பும் முன் வயிறு முக்கால் நிறைந்திருந்தால் போதும். ஓடும் சைக்கிளில் குழந்தையின் வாயில் எதுவும் இருக்கக் கூடாது, வேர்க்கடலையும் மிட்டாயும் கட்டாயம் கூடாது. பின்னால் அவளுக்குப் புரையேறினால் நமக்குத் தெரியவே தெரியாது. நின்ற இடத்தில் ஒரு வாழைப்பழம், ஒரு வாய் தண்ணீர். பையில் சின்னத் துண்டு, ஒட்டும் கட்டு, தண்ணீர் பாட்டில், கைப்பேசி. இவ்வளவு போதும்.

முதல் நாள் வண்டியை மிதிக்கவே வேண்டாம். உட்காரவைத்து, பட்டை போட்டு, வாசலில் ஐந்து நிமிடம் தள்ளிக்கொண்டு நடங்கள். இரண்டாம் நாள் நூறு அடி மிதியுங்கள். பின்னால் இருக்கிற குழந்தைக்கு நம் முதுகு மட்டும்தான் தெரியும், அது பயமாக இருக்கலாம். அதனால் பேசிக்கொண்டே போங்கள். "இப்போ குலுங்கப் போகுது, கெட்டியாப் பிடிச்சுக்கோ", "இப்போ நிக்கப் போறோம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. என் முதுகில் ஒருமுறை தட்டினால் "நில்லும்மா", இரண்டுமுறை தட்டினால் "வீட்டுக்குப் போலாம்". ஒருமுறைத் தட்டலுக்கு ஓரம் பார்த்து எப்போதும் நிற்பேன். நாய்க்குட்டியாக இருக்கும், உடைந்த பலூனாக இருக்கும், சில நாள் ஒன்றுமே இருக்காது. தட்டினால் அம்மா நிற்கிறாளா என்று பார்க்கிறாள், அவ்வளவுதான். நின்றதால்தான் அவளுக்கு இந்த வண்டியில் நம்பிக்கை வந்தது.

இரண்டு தட்டுக்குக் காத்திருக்காதீர்கள். அவள் அலுப்பதற்குக் கொஞ்சம் முன்பே திரும்பிவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சும் மனத்தோடு இறங்கும் குழந்தை, நாளை ஹெல்மெட்டைத் தானே எடுத்துக்கொண்டு வந்து நிற்கும். எனக்கு நான்கு வீதியையும் முடித்துவிட ஆசையாக இருந்த நாட்கள் உண்டு. அவளுக்கு இரண்டு வீதி போதுமாக இருந்தால் அன்றைய பயணம் இரண்டு வீதிதான்.

வழியில் பார்க்க என்ன இருக்கிறது என்பதை முந்தின நாளே நடந்து பார்த்து வையுங்கள். எங்களுக்குக் கோபுரங்கள் இருக்கின்றன. கோயிலில் மொத்தம் 21 கோபுரங்கள். இன்று எத்தனை தெரிகின்றன என்று எண்ணுவோம். தெற்கு வீதியின் நடுவில், ராஜகோபுரம் வழியாக வரும் கூட்டம் குறுக்கே போகும் இடத்தில், எப்படியும் இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கே ஓரமாக நின்று அண்ணாந்து நிலைகளை எண்ணுவோம். பதின்மூன்று நிலை. 1987இல்தான் கட்டி முடித்தார்கள் என்று அவளிடம் சொன்னேன். "அப்போ நீ இருந்தியா?" என்றாள். இருட்டும் நேரத்தில் கிளிகள் கத்திக்கொண்டு கோபுரத்துக்குத் திரும்பும், கொஞ்ச நேரத்தில் வௌவால்கள் கிளம்பும். வாசலில் கோலம் போட்டிருந்தால் சுற்றிப் போகவேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். மீறினால் முதுகில் பலமாக ஒரு அடி விழும்.

பழகிய பிறகு பௌர்ணமி அன்று ஒருமுறை போய்ப் பாருங்கள். அன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே கிழக்கில் நிலா எழும். வலமாகச் சுற்றி வரும்போது கடைசியாக வடக்கு வீதியில் கிழக்கு நோக்கிப் போவோம் அல்லவா? அப்போது வீட்டு மாடிகளுக்கு மேல் நேர் எதிரே நிலா ஏறிக்கொண்டிருக்கும். என் முதுகுக்குப் பின்னாலிருந்து இருபுறமும் எட்டி எட்டிப் பார்ப்பாள். நான் தலையைக் குனிந்து வழிவிடுவேன். அடுத்த நாளே அதே நேரத்துக்குப் போனால் நிலா இருக்காது. நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாகத்தான் வரும். அன்று ஏன் வரவில்லை என்று கேட்டு, எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழத்தையும் ஆரஞ்சுப்பழத்தையும் வைத்து விளக்கவேண்டியதாயிற்று.

நாய், மாடு, விழுந்தால்

மாட்டின் முன்னால் போகாதீர்கள், வால்பக்கம் நன்றாக விலகிப் போங்கள். அருகில் பெல் அடிக்காதீர்கள்.

நாய் துரத்தினால் வேகமாக மிதிக்கத் தோன்றும். குழந்தையோடு அது மிக ஆபத்து. மெதுவாக நின்று இறங்கி, நாய்க்கும் குழந்தைக்கும் நடுவில் நீங்கள் இருக்கும்படி நிற்கப் பாருங்கள். நேராக முறைக்காமல், கத்தாமல், மெல்லத் தள்ளிக்கொண்டு நகருங்கள். பெரும்பாலும் ஓடாத வண்டியில் நாய்க்கு ஆர்வம் போய்விடும். கடித்தாலோ பல் கீறினாலோ, சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியை ஆரம்பியுங்கள்.

விழுந்துவிட்டால் முதலில் வண்டியைப் பார்க்காதீர்கள், குழந்தையைப் பாருங்கள். தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தாலோ, அளவுக்கு மீறித் தூக்கம் வந்தாலோ, பேச்சு குழறினாலோ தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

தானே ஓட்டுவேன் என்று சொல்லும்போது

நாலு, ஐந்து வயதில் இது வரும். 14 அங்குலச் சக்கரம் பொதுவாகச் சரியாக இருக்கும். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும் என்பதே உண்மையான அளவு. சைடு வீலை உடனே தேடாமல், பெடலைக் கழற்றிவிட்டுக் காலால் உந்தி உந்திப் போகவிட்டால் சமநிலை சீக்கிரம் வரும். சாலையில் குழந்தை இடதுபக்கம், நீங்கள் அதற்கு வலதுபக்கம் கொஞ்சம் பின்னால். நிற்கக் கற்றுக்கொடுத்த பிறகு ஓடக் கற்றுக்கொடுங்கள். இதையெல்லாம் பகலில், மைதானத்தில் செய்யுங்கள். சாயங்கால வீதிக்கு இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம். அதுவரை பின்னிருக்கை இருக்கவே இருக்கிறது.

வீடு வந்ததும்

குழந்தை இறங்கிய பிறகு ஹெல்மெட். உள்ளே வியர்வை இருக்கும், கவிழ்த்து வைத்துக் காயவிடுங்கள். கால் கழுவும்போது கணுக்காலையும் பட்டை பட்ட தோளையும் பாருங்கள், சிவந்திருந்தால் நாளை இறுக்கத்தை மாற்ற வேண்டும். விளக்குகள் இரண்டையும் கழற்றி சார்ஜில் போடுங்கள். எங்கள் வீட்டில் அது அவள் வேலை. முன்விளக்கைப் போட்டதும் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி மினுக்கும். அதைப் பார்த்த பிறகுதான் சாப்பிட வருவாள்.